14 வருடமாக இருக்கும் ஆள் போகிறேன் என்கிறார்: டைல்ஸ், பெயிண்ட் கடையில் என்ன சம்பளம் போடுவது?

கல்லாப்பெட்டி (காரைக்குடி)
2025 ஜூலை 6, ஞாயிறு, இரவு 10.40

எங்களுக்குக் காரைக்குடியில் ஒரு கடை. சிமெண்ட், கம்பி, டைல்ஸ், பெயிண்ட், பாத்ரூம் சாமான், ஆணி, பூட்டு, தாழ்ப்பாள் எல்லாம் ஒரே கூரையில். அப்பா ஆரம்பித்தது. 9 வருடமாக நான் கல்லாவில் உட்கார்கிறேன். வேலைக்கு 11 பேர்.

டைல்ஸ் பக்கம் பார்க்கும் மூத்தவர் 14 வருடமாக இருக்கிறார். அறையின் நீள அகலத்தைச் சொன்னால் கால்குலேட்டரைத் தொடாமல் பெட்டிக் கணக்கு சொல்லிவிடுவார். போன வாரம் கடை சாத்தும் நேரத்தில் பக்கத்தில் வந்து நின்றார். “தம்பி, தீபாவளியோட நின்னுக்கலாம்னு இருக்கேன்” என்றார். வெளியூர்ப் பெரிய கடை ஒன்று இங்கே கிளை போடுகிறது, 24,000 பேசியிருக்கிறார்களாம். நான் தருவது 19,500.

மாத விற்பனை சராசரியாக 31 லட்சம். ஆடி வந்தால் படுத்துவிடும், அது தனிக் கதை. 11 பேருக்கும் சேர்த்துச் சம்பளம் 1,46,000, அதாவது விற்பனையில் 4.7 சதவீதம். 5 சதவீதத்தைத் தாண்டினால் கடை ஓடாது என்கிறார் என் மாமனார். இவருக்கு 4,500 ஏற்றினால் மற்றவர்களும் வரிசையில் நிற்பார்கள். விட்டுவிட்டு 12,000-க்கு ஒரு பையனைப் போட்டால் மாதம் 7,500 மிச்சம். என்ன செய்யலாம்? இதே தொழிலில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

---

புதுவயல்காரன்
ஜூலை 6, இரவு 11.15

போகட்டும் விடுங்கள். எந்தக் கடையும் ஒரு ஆளை நம்பி இருக்கக் கூடாது. என் கடையில் பீகார் பையன்கள் மூன்று பேர். தங்க இடம், அரிசி பருப்பு, கையில் 14,000. தமிழ் ஆறு மாதத்தில் வந்துவிட்டது. நம்மூர் ஆளுக்கு மாதத்தில் நான்கு காதுகுத்து, இரண்டு திருவிழா, ஒரு கேதம்.

---

பேரேடு (தேவகோட்டை)
ஜூலை 7, காலை 6.50

சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதிக்கொடுக்கும் வேலை எனக்கு. மாமனாரின் 5 சதவீதக் கணக்கு உங்கள் கடைக்குப் பொருந்தாது. சிமெண்ட்டும் கம்பியும் விற்பனைத் தொகையை ஊதிக் காட்டும், கையில் நிற்பது சொற்பம். டைல்ஸும் பாத்ரூம் சாமானும் தொகையில் சிறிதாகத் தெரியும், கடையைத் தாங்குவதே அவைதான். சம்பளத்தை விற்பனையோடு ஒப்பிடாதீர்கள். சரக்கு வாங்கிய விலை போக நிற்கும் மொத்த லாபத்தோடு ஒப்பிடுங்கள். மாதம் எவ்வளவு நிற்கிறது?

---

கல்லாப்பெட்டி
ஜூலை 7, மதியம் 2.05

வாடகை, கரண்ட், வட்டி எல்லாம் கழிக்கும் முன் சுமார் 3,60,000.

---

பேரேடு
ஜூலை 7, இரவு 9.30

சரி. 1,46,000 என்பது கையில் கொடுப்பது மட்டும். கடை கொடுக்கும் இஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) 3.25 சதவீதம், 4,745. தீபாவளிக்கு ஒரு மாதச் சம்பளம் தருவீர்கள் என்று வைத்தால் மாதத்துக்கு 12,160 அளவில் விழும். 20 பேருக்குக் குறைவான கடைக்குப் போனஸ் சட்டம் வராது என்பது உண்மைதான், ஆனால் காரைக்குடியில் தீபாவளிக்குக் கை விரிக்கும் முதலாளி கார்த்திகையில் தனியாகத்தான் கடை திறப்பார். டீ, வடைக்கு நாளைக்கு 400 என்றால் 26 நாளுக்கு 10,400. அப்புறம் ஆள் வேலையை விட்டு நிற்கும்போது தர வேண்டிய பணிக்கொடை, கிராஜுவிட்டி. மாதச் சம்பளத்தில் 4.81 சதவீதம் என்று ஒதுக்கினால் 7,020.

கூட்டினால் 1,80,000-ஐத் தொடும். விற்பனையில் அது 5.8 சதவீதம். மாமனாரின் கோட்டைத் தாண்டி எத்தனையோ வருடம் ஆகியிருக்கும், கடை ஓடிக்கொண்டுதானே இருக்கிறது? மொத்த லாபத்தில் பார்த்தால் சரிபாதி. நீங்கள் பார்க்க வேண்டிய எண் இது.

---

கல்லாப்பெட்டி
ஜூலை 7, இரவு 9.52

அண்ணே, கிராஜுவிட்டி பெரிய கம்பெனிக்குத்தானே? நாங்கள் அதெல்லாம் ஒதுக்குவதில்லை.

---

பேரேடு
ஜூலை 7, இரவு 10.20

1972-இலிருந்தே சட்டத்தில் இருப்பது. 10 பேர் வேலை செய்யும் கடை எதற்கும் உண்டு. ஒருமுறை அந்த எண்ணிக்கையைத் தொட்டுவிட்டால் பிறகு ஆள் குறைந்தாலும் சட்டம் கடையை விடாது. 5 வருடம் முடித்தவர் தானாக நின்றாலும் கொடுக்க வேண்டும். கடைசிச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, வருடத்தால் பெருக்க வேண்டும்.

உங்கள் மூத்தவருக்குப் போட்டுப் பார்ப்போம். 19,500-ஐ 26-ஆல் வகுத்தால் 750. அதை 15-ஆல் பெருக்கினால் 11,250. 14 வருடத்துக்கு 1,57,500. அவர் நின்ற 30 நாளுக்குள்.

12,000-க்குப் பையனைப் போட்டு மாதம் 7,500 மிச்சம் என்றீர்கள். இந்த 1,57,500-ஐ அந்த மிச்சத்தில் எடுக்க 21 மாதம் ஆகும், பையன் ஒரு தப்பும் பண்ணாமல் இருந்தால்.

---

கல்லாப்பெட்டி
ஜூலை 7, இரவு 10.24

இதைப் படித்ததும் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

---

ரசமட்டம் (கோட்டையூர், டைல்ஸ் ஒட்டுபவர்)
ஜூலை 8, இரவு 8.10

பையன் பண்ணும் தப்பு எவ்வளவுக்குப் போகும் என்று நான் சொல்கிறேன்.

12-க்கு 14 அறை. 168 சதுர அடி. இரண்டுக்கு இரண்டு கல், பெட்டிக்கு நான்கு, அதாவது 16 சதுர அடி. கால்குலேட்டரில் 10.5 வரும், பையன் 11 பெட்டி என்பான். உங்கள் மூத்தவர் முதலில் “ஸ்கர்ட்டிங் உண்டா?” என்று கேட்பார். சுவர் அடியில் சுற்றிலும் 4 அங்குலம் ஒட்டினால் கதவு போக இன்னும் 16 சதுர அடி. வெட்டில் போவது நேராக ஒட்டினால் 5 சதவீதம், மூலைவாட்டத்தில் 10. நேராகப் போட்டாலே 13 பெட்டி வேண்டும். 11 வாங்கிப் போனவர் ஒரு வாரம் கழித்து இரண்டு பெட்டிக்கு வருவார். அதற்குள் அந்த பேட்ச் தீர்ந்திருக்கும். அதே கம்பெனி, அதே டிசைன், ஆனால் ஷேடு வேறு.

இரண்டு வருடம் முன்னால் பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு வீட்டில் கூடம் ஒட்டினேன். சரக்கு வேறு கடை, பெயர் வேண்டாம். பெட்டி மேல் இருக்கும் ஷேடு நம்பரை அங்கே இருந்த பையன் பார்க்கவில்லை, அவசரத்தில் நானும் பார்க்கவில்லை. பகலில் ஒன்றும் தெரியவில்லை. சாயங்கால வெயில் முற்றத்து வழியாகச் சாய்ந்து விழுந்தபோது பாதிக் கூடம் பால், பாதி மோர். உடைத்து எடுத்தோம். கல் காசு கடைக்காரருக்கு, கூலியில் பாதி எனக்கு நட்டம், திட்டு இரண்டு பேருக்கும். வீட்டுக்கார ஆச்சி இன்றைக்கும் என்னைத் தெருவில் பார்த்தால் தரையைத்தான் விசாரிப்பார்.

அன்றிலிருந்து நான் ஆளைக் காரைக்குடிக்கு அனுப்புவது அந்தப் பெரியவர் இருக்கும் கடைக்குத்தான். உங்கள் கடை எது என்று எனக்குத் தெரிந்துவிட்டது, சொல்ல மாட்டேன். அவர் கடை மாறினால் நானும் மாறுவேன்.

---

புதுவயல்காரன்
ஜூலை 8, இரவு 8.45

மாறுவீர்கள், கமிஷன் எங்கே கூட என்று பார்த்து. கொத்தனாரும் பெயிண்டரும் பேசும் நியாயம் நமக்குத் தெரியாதா? பெயிண்ட் டப்பாவுக்குள் பெயிண்டருக்கென்று கமிஷன் டோக்கன் இருந்த காலத்தில் அதை எடுத்துக்கொண்டு வெறும் டப்பாவைத் திருப்பிக் கொண்டுவந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இப்போது செல்லில் ஸ்கேன் பண்ணுகிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

---

ரசமட்டம்
ஜூலை 8, இரவு 9.00

கமிஷன் வாங்குகிறேன். ஒளிக்கவில்லை. ஷேடு மாறிய தரையை உடைக்கும்போது அந்தக் கமிஷன் கூட வராது.

---

பேரேடு
ஜூலை 8, இரவு 10.05

நல்ல இடத்துக்கு வந்தது பேச்சு. கல்லாப்பெட்டி, கொத்தனார், டைல்ஸ்காரர், பெயிண்டர், பிளம்பர் எல்லோருக்கும் சேர்த்து மாதம் என்ன கொடுக்கிறீர்கள்? அதை எந்தத் தலைப்பில் எழுதுகிறீர்கள்?

---

கல்லாப்பெட்டி
ஜூலை 9, காலை 7.30

இரவு உட்கார்ந்து பார்த்தேன். சராசரி 38,000. “வியாபாரச் செலவு” என்று எழுதியிருக்கிறேன்.

---

பேரேடு
ஜூலை 9, காலை 8.00

ஆளைக் கடைவரை அழைத்து வருபவருக்கு மாதம் 38,000 கொடுக்கிறீர்கள், அது வியாபாரச் செலவு. வந்தவரைச் சரக்கு எடுக்க வைப்பவர் 4,500 கூடக் கேட்டால் அது சம்பளச் சுமை. ஒரே வேலையின் இரண்டு பாதிகள்தானே இவை? ஒன்றை முகம் சுளிக்காமல் எழுதுகிறோம், இன்னொன்றுக்கு இங்கே விவாத இழை திறக்கிறோம். உங்களை மட்டும் சொல்லவில்லை, நான் கணக்கு எழுதும் கடைகளில் பாதி இப்படித்தான்.

---

சாக்குமூட்டை
ஜூலை 9, இரவு 7.20

பேரேட்டில் வராத ஆளைப் பற்றி யாருமே பேசவில்லை. என் அப்பா காரைக்குடியில் 30 வருடம் மூட்டை இறக்கினார். லாரியில் 20 டன் வந்தால் 400 மூட்டை. ஆறு பேர் இறக்கினால் ஆளுக்கு 66, 67 மூட்டை, அதாவது 3,300 கிலோவுக்கு மேல் ஒரு முதுகு வழியாகப் போகும். இறக்குகூலி மூட்டைக் கணக்கு. கடைக்காரர் அதைச் சரக்கு விலையோடு சேர்த்துவிடுவார். சம்பளப் பட்டியலில் அப்பாவின் பெயர் எந்தக் கடையிலும் இருந்ததில்லை.

டைல்ஸ் இன்னும் மோசம். சிமெண்ட் மூட்டையாவது முதுகுக்கு வளைந்து கொடுக்கும். டைல்ஸ் பெட்டி வளையாது, விளிம்பு கையை அறுக்கும், நழுவினால் கால் விரல் போகும், உடைந்த கல்லுக்கும் இவரே பதில் சொல்ல வேண்டும்.

52 வயதில் அப்பாவுக்கு இடுப்பு போயிற்று. 1923-லேயே இழப்பீட்டுச் சட்டம் வந்துவிட்டதாம், யாரிடம் போய்க் கேட்பது? நான்கு கடைக்கு இறக்கியவர், நான்கு பேரும் எங்கள் ஆள் இல்லை என்றார்கள். சுமைப்பணித் தொழிலாளருக்கு 1982-இல் சட்டம் போட்டு, பிறகு நல வாரியமும் வந்தது. அப்பா பதிவு பண்ணியிருந்தார், புதுப்பிக்கவில்லை. அது எங்கள் தப்பு. மற்றது?

---

கல்லாப்பெட்டி
ஜூலை 9, இரவு 9.40

என்ன சொல்வது என்று தெரியவில்லை அண்ணே. எங்கள் கடைக்கும் வெளியிலிருந்து வந்துதான் இறக்குகிறார்கள். எத்தனை பேர் பதிவு பண்ணியிருக்கிறார்கள் என்று இதுவரை கேட்டதில்லை. கேட்கிறேன்.

---

அட்லாண்டா மாப்பிள்ளை
ஜூலை 10, காலை 5.55

ஊர் கண்டனூர், இருப்பது அட்லாண்டா. வீட்டுச் சாமான் விற்பதில் உலகத்திலேயே பெரிய கடையான ஹோம் டிப்போவின் தலைமையகம் இங்கேதான், 1978-இல் இந்த ஊரில் தொடங்கியது. நான் அங்கே வேலை செய்யவில்லை, சனிக்கிழமை ஆணி வாங்கப் போகிறவன்.

நீங்கள் பேசுவதை அவர்கள் ஒருமுறை பெரிய அளவில் செய்து பார்த்திருக்கிறார்கள். தொடக்கத்தில் கடையில் நின்றவர்களில் பலர் முன்னாள் பிளம்பர், எலக்ட்ரீஷியன், தச்சர். குழாயைக் காட்டினால் எந்த வாஷர் என்று எடுத்துக் கொடுப்பார்கள். 2000-இன் கடைசியில் ராபர்ட் நார்டெல்லி தலைமைக்கு வந்தார். செலவைக் குறைக்க முழுநேர ஆட்களைக் குறைத்துப் பகுதிநேர ஆட்களைக் கூட்டினார்கள். லாபக் கணக்கு கொஞ்ச காலம் அழகாக இருந்தது. கடைக்கு வந்தவர்கள் கேட்க ஆள் இல்லை என்று முணுமுணுத்தார்கள், போட்டிக் கடையான லோஸ் பக்கம் போனார்கள். 2007 ஜனவரியில் நார்டெல்லி வெளியேறினார், கையில் சுமார் 21 கோடி டாலர். அடுத்து வந்தவர் தொழில் தெரிந்த ஆட்களை மறுபடி தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது.

இப்போதைய நிலவரமும் சொல்கிறேன். 2023 பிப்ரவரியில் மணிக்கூலி ஆட்களுக்காக வருடம் 100 கோடி டாலர் கூடுதலாக ஒதுக்குவதாக அறிவித்தார்கள். தொடக்கக் கூலி எங்கும் மணிக்கு 15 டாலருக்குக் குறையாது. அமெரிக்க மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி 2009-இலிருந்து 7.25 டாலரிலேயே நிற்கிறது. சட்டத்துக்குப் பயந்து ஏற்றியதாகத் தெரியவில்லை, ஆள் கிடைக்கவில்லை என்பதால்தான். இதை ரூபாயால் பெருக்கிப் பார்க்காதீர்கள், இங்கே முடிவெட்டவே 25 டாலர்.

ஆனால் அங்கே எல்லாம் சொர்க்கம் என்றும் இல்லை. 2022 நவம்பரில் பிலடெல்பியாவில் ஒரு கிளையில் சங்கம் வைக்க வாக்கெடுப்பு நடந்தது. வேண்டாம் 165, வேண்டும் 51. ஏன் வேண்டாம் என்றார்கள் என்று இரண்டு பக்கமும் இரண்டு கதை சொல்கிறது.

---

ஸ்டூல் கிடைக்காதவள்
ஜூலை 10, இரவு 9.15

எல்லாம் முதலாளி கேட்கிறார், கணக்கர் சொல்கிறார். நான் நிற்கிற பக்கத்திலிருந்து பேசுகிறேன்.

பெயிண்ட் கலக்கும் மெஷினில் 6 வருடம், இந்த மாவட்டத்தில்தான், எந்தக் கடை என்பது வேண்டாம். வாடிக்கையாளர் கேட்கும் நிறத்துக்குக் கோடு நம்பர் மனப்பாடம். மூன்று வருடம் முன்னால் அடித்த சுவரில் ஒரு சில்லைப் பெயர்த்துக் கொண்டுவந்தால் அதற்குப் பக்கத்தில் போய்விடுவேன். சம்பளம் 11,000. எனக்குப் பின்னால் சேர்ந்து, நான் சொல்லிக்கொடுத்து மெஷினைத் தொட்ட பையனுக்கு 13,500. “ஆம்பளப் பையன், வாளி தூக்குறான்” என்கிறார்கள். 20 லிட்டர் வாளியை நானும் தூக்குகிறேன்.

காலை 9 முதல் இரவு 8.30 வரை நிற்க வேண்டும். தமிழ்நாட்டில் 2021-இல் கடைச் சட்டத்தைத் திருத்தி, வேலை செய்பவர்களுக்கு உட்கார வசதி கட்டாயம் என்று கொண்டுவந்தார்கள். எங்கள் கடையில் ஸ்டூல் இருக்கிறது, வாடிக்கையாளருக்கு. கூட்டமே இல்லாத ஆடி மாதத்திலும் உட்கார்ந்தால் கேமராவில் பார்த்துப் போன் வரும். பாத்ரூம் சாமான் விற்கிற கடை, எங்களுக்குப் பாத்ரூம் பக்கத்து ஓட்டலில்.

24,000 கேட்கிறவரைப் பற்றி இவ்வளவு பேசுகிறீர்கள். நான் போகிறேன் என்று சொன்னால் யாராவது இழை திறப்பார்களா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

---

புதுவயல்காரன்
ஜூலை 10, இரவு 9.50

தங்கச்சி, தப்பாக நினைக்க வேண்டாம். உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் உள்ளே வருகிறவர்கள் மதிக்க மாட்டார்கள் என்று எங்களுக்கு ஒரு பயம்.

---

ஸ்டூல் கிடைக்காதவள்
ஜூலை 10, இரவு 9.58

நீங்கள் கல்லாவில் நின்றுகொண்டா இருக்கிறீர்கள் அண்ணே?

---

ஆத்தங்குடிக் கண்ணாடி
ஜூலை 11, மதியம் 1.30

(அந்தப் பதிலுக்கு ஒரு கைதட்டல்.)

எங்கள் ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறையில் மாதச் சம்பளம் கிடையாது, கல் கணக்கு. கண்ணாடி மேல் அச்சை வைத்து, வண்ணச் சிமெண்ட்டை ஊற்றி, அச்சை எடுத்து, மேலே மணலும் சிமெண்ட்டும் போட்டு அமுக்கி, காய்ந்ததும் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். கை ஓடுகிற ஆளுக்கு நல்ல காசு. மழை பிடித்தால் காயாது, அன்றைக்குக் கூலி இல்லை. கடைக்குக் கமிஷன் சம்பளம் வையுங்கள் என்று யாராவது இங்கே சொல்ல வருவார்கள், அதனால் முந்திக்கொள்கிறேன். மழை நாளில் பட்டறை ஆள் படுகிற பாட்டை உங்கள் ஆடி மாதத்தில் கடை ஆள் படுவார். அடிச் சம்பளத்தைக் குறைத்துவிட்டு மேலே பங்கு தருகிறேன் என்பது ஏமாற்று.

---

பெட்டியடி பேரன் (கானாடுகாத்தான்)
ஜூலை 12, இரவு 10.10

பங்கு என்றதும் ஞாபகம். எங்கள் ஐயா பர்மாவில் கடைக்குப் போனவர். பெட்டியடிப் பையனாக, அதாவது எடுபிடியாகப் போய், அடுத்தாள், மேலாள் என்று ஏறி, கடைசியில் கடையையே நடத்தும் ஏஜெண்ட். கணக்கு மூன்று வருடம். கிளம்பும்போதே சம்பளத்தில் ஒரு பகுதி முன்பணமாக வீட்டில் கொடுத்துவிடுவார்கள். மூன்று வருடம் கழித்துக் கணக்கு ஒப்படைக்கும்போது லாபத்தைப் பார்த்துச் சம்பளத்துக்கு மேலே ஒரு தொகை. முதலாளி இங்கே, பெட்டிச் சாவி கடலுக்கு அந்தப் பக்கம். அவ்வளவு பணத்தை ஒருவர் கையில் விட வேண்டுமென்றால் சம்பளம் மட்டும் போதாது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

---

புதுவயல்காரன்
ஜூலை 12, இரவு 10.25

பர்மா இன்னும் வரவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன், வந்துவிட்டது.

---

பெட்டியடி பேரன்
ஜூலை 12, இரவு 10.40

செட்டிநாட்டில் இழை திறந்தால் பத்தாவது பதிவுக்குள் வர வேண்டும், இந்த முறை தாமதம். பெட்டியடிப் பையனுக்கு என்ன கிடைத்தது என்று கேட்காதீர்கள், சாப்பாடும் குட்டும்தான் என்று ஐயா சொல்வார். எல்லாம் பொற்காலம் இல்லை. ஆனால் கல்லாப்பெட்டி, டைல்ஸ் பக்கத்து லாபத்தைத் தனியாக எழுதி, வருடக் கணக்கு முடிக்கும்போது அவருக்கு ஒரு பங்கு என்று வைத்துப் பாருங்கள். அடிச் சம்பளத்தில் கை வைக்காமல்.

---

பேரேடு
ஜூலை 13, காலை 7.15

வைக்கலாம், எழுத்தில் வையுங்கள். இன்னொன்று சொல்ல மறந்தேன், முக்கியமானது. இஎஸ்ஐக்கு மாதச் சம்பள உச்சவரம்பு 21,000. 24,000 ஆனால் அவர் அதிலிருந்து வெளியே வந்துவிடுவார். நடுவில் ஏற்றினால் அந்தப் பங்களிப்புக் காலம் முடியும்வரை, அதாவது செப்டம்பர் அல்லது மார்ச் கடைசிவரை தொடரும், அப்புறம் கிடையாது. இப்போது அவர் கையிலிருந்து பிடிப்பது 0.75 சதவீதம், மாதம் 147 ரூபாய். அதற்குக் குடும்பத்துக்கே வைத்தியம். அவர் வீட்டில் யாராவது இஎஸ்ஐயில் மருந்து வாங்குகிறார்களா?

---

கல்லாப்பெட்டி
ஜூலை 13, இரவு 9.30

இன்று அவர் வீட்டுக்கே போனேன். 14 வருடத்தில் இரண்டாவது முறை, முதல் முறை அவர் மகள் சடங்குக்கு. அவர் மனைவிக்குச் சிறுநீரகப் பிரச்சினை, மாதா மாதம் மருந்து இஎஸ்ஐயில்தான். இது எனக்கே தெரியாது. 21,000 விஷயம் அவருக்கும் தெரியாது, அந்தப் புதுக் கடைக்காரர்களும் சொல்லவில்லை. கேட்டதும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

---

சாக்குமூட்டை
ஜூலை 13, இரவு 9.55

அந்த மருந்தைக் காட்டி அவரை 19,500-இலேயே கட்டிப்போட நினைக்காதீர்கள்.

---

கல்லாப்பெட்டி
ஜூலை 13, இரவு 10.02

அந்த எண்ணம் ஒரு நிமிடம் வந்தது, பொய் சொல்லவில்லை. கிராஜுவிட்டித் தொகையையும் அவரிடமே சொல்லிவிட்டேன். போனாலும் அது உங்களுக்கு உண்டு என்றேன். “அப்படி ஒண்ணு இருக்கா தம்பி?” என்றார். வேறு என்ன குறை என்று கேட்டேன். சம்பளத்தைப் பற்றியே பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம்வரை கடை வைப்பதுதான் குறையாம். “பேரனைக் குன்றக்குடிக்குக் கூட்டிட்டுப் போகணும்னு மூணு வருசமாச் சொல்லிக்கிட்டே இருக்கேன்.” காரைக்குடியிலிருந்து குன்றக்குடி அரை மணி நேரம் கூட இல்லை.

---

பேரேடு
ஜூலை 14, காலை 6.40

நாளுக்கு 8 மணி, வாரம் 48 மணி, மேலே போனால் இரட்டைக் கூலி, வாரத்தில் ஒரு முழு நாள் விடுமுறை. 1947-இலிருந்து கடைச் சட்டத்தில் இருப்பது. 10 பேரோ அதற்கு மேலோ இருந்தால் கடை ஏழு நாளும் திறக்கலாம் என்று அரசாணை இருக்கிறது, ஆனால் ஒரே ஆள் ஏழு நாளும் நிற்கக் கூடாது. சாப்பாட்டு நேரம் போக 11 மணி நேரம் என்றால் உங்கள் 19,500 மணிக்கு 68 ரூபாய். 8 மணி என்றால் 94. இப்போது சொல்லுங்கள், ஆள் கூடக் கேட்கிறாரா?

---

கல்லாப்பெட்டி
2025 ஆகஸ்ட் 17, ஞாயிறு, காலை 10.20

ஆவணி பிறந்துவிட்டது, ஆடியில் எண்ணிய ஈயையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தாயிற்று. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

மூத்தவருக்கு 20,900. 21,000-க்குள் நிற்பதற்காக. டைல்ஸ் பக்கத்துக்குத் தனி நோட்டு, பங்குனியில் கணக்கு முடித்து அந்த லாபத்தில் 3 சதவீதம், எழுதிக் கையெழுத்துப் போட்டாயிற்று. மற்ற 10 பேருக்கும் சேர்த்து 9,600 ஏற்றினேன், வரிசையில் நிற்பார்கள் என்று முதலில் எழுதியிருந்தேன் இல்லையா, நின்றார்கள். மொத்தச் சம்பளம் இப்போது 1,57,000. பணிக்கொடைக்கு வங்கியில் மாதம் ஒரு தொகை போட ஆரம்பித்திருக்கிறேன், பழைய 14 வருடத்துக்கும் சேர்த்து எப்போது நிரம்பும் என்பதை நினைக்காமல் போடுகிறேன்.

ஸ்டூல் நான்கு வாங்கினேன். மாமனார் வந்து பார்த்துவிட்டு அதில் ஒன்றில் உட்கார்ந்துகொண்டார்.

லோடு இறக்க வருபவர்கள் ஒன்பது பேர். வாரியத்தில் பதிவு இருப்பது இரண்டு பேருக்கு. மீதி ஏழு பேரின் ஆதார், ரேஷன் கார்டு நகல் வாங்கிவைத்திருக்கிறேன், இன்னும் அலைகிறோம். டைல்ஸுக்கு ஒரு தள்ளுவண்டி வாங்கியாயிற்று. அது வாசல் படியில் ஏறவில்லை. படியைத் தட்ட வேண்டும்.

இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வரும்? கமிஷனைக் குறைக்கலாம் என்று பார்த்தேன், தைரியம் வரவில்லை.

---

புதுவயல்காரன்
ஆகஸ்ட் 17, காலை 10.45

அடுத்த வருடம் 20,900-க்கு மேல் எப்படி ஏற்றுவீர்கள்?

---

பேரேடு
ஆகஸ்ட் 17, காலை 11.05

நல்ல கேள்வி. ஒன்று அரசு வரம்பை உயர்த்த வேண்டும், இல்லையென்றால் அவர் வெளியே வரும் வருடம் குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடு எடுத்து அந்தத் தொகையைக் கடை கட்ட வேண்டும். இருக்கிற நோய்க்குக் காத்திருப்புக் காலம் போடுவார்கள், அதனால் ஒரு வருடம் முன்னாலேயே எடுங்கள். அந்தப் பிரீமியத்தையும் சம்பளத் தலைப்பில் எழுதுங்கள், வியாபாரச் செலவில் ஒளிக்காமல்.

---

ஸ்டூல் கிடைக்காதவள்
ஆகஸ்ட் 17, மதியம் 12.30

உங்கள் கடையில் பெயிண்ட் மெஷினுக்கு ஆள் இருக்கிறதா?

---

கல்லாப்பெட்டி
ஆகஸ்ட் 17, மதியம் 12.41

இருக்கிறார், ஆனால் ஆவணியில் ஒரு ஆள் போதாது. நாளைக் காலை வந்து பாருங்கள். வாளி தூக்குபவருக்கும் தூக்காதவருக்கும் ஒரே சம்பளம், பேசிக்கொள்வோம்.

---

ரசமட்டம்
ஆகஸ்ட் 17, மதியம் 3.15

அண்ணே, அவசரம். ஒரு வீட்டில் கழற்றும்போது பாத்ரூம் ஆங்கிள் வால்வ் உடைந்துவிட்டது, தண்ணீர் நிற்கவில்லை. உங்கள் கடைக்கு வந்தால் ஷட்டர் சாத்தியிருக்கிறது?

---

கல்லாப்பெட்டி
ஆகஸ்ட் 17, மதியம் 3.22

இன்று ஞாயிறு, முழு விடுமுறை. மாடியில் தொட்டிக்குக் கீழே கேட் வால்வ் இருக்கும், அதை அடைத்துவிடுங்கள். காலை 9 மணிக்கு வாருங்கள். பெரியவரைக் கூப்பிடாதீர்கள், குன்றக்குடியில் இருக்கிறார்.